கல்குவாரி வெடியின் காற்றழுத்தம் ஆடுமாடுகளைக் கொல்லுமா?

கேள்வி இது: ஆட்டுக்கொட்டகையிலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்குவாரி. வெடி வைக்கும் நாட்களில் ஆடுகள் மிரண்டு ஓடுகின்றன. அண்மையில் இரண்டு ஆடுகள் சினை கலைந்து குட்டி வீசிவிட்டன. ஒரு கிடா உடம்பில் கீறல்கூட இல்லாமல், மூக்கோரம் மட்டும் ரத்த நுரையோடு செத்துக் கிடந்தது. வெறும் காற்றின் அழுத்தம் ஓர் உயிரைக் காயமில்லாமல் கொல்ல முடியுமா, இதை யாராவது விலங்குகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காற்றின் அழுத்தம் மட்டுமே கொல்ல முடியும், அதில் ஐயமில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் தொலைவில், நீங்கள் சொல்லும் வகை வெடியால், அந்தக் கிடா அப்படிச் செத்திருக்க வழியில்லை. இந்த இரண்டு முடிவுகளும் ஒரே ஆய்வு மரபிலிருந்து வருபவை என்பதால், அந்த ஆய்வுகள் உண்மையில் எதைக் கண்டன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெடிமருந்து ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் சூடான வாயுவாக மாறி, சுற்றியிருக்கும் காற்றை நெருக்கித் தள்ளுகிறது. நெருக்கப்பட்ட அந்தக் காற்றின் முகப்பு ஒலியைவிட வேகமாகப் பரவுகிறது. வழியில் நிற்கும் ஒரு விலங்கின் இடத்தில் அழுத்தம் ஏறக்குறைய கண நேரத்தில் உச்சத்துக்குத் தாவி, பின் படிப்படியாக இறங்கி, இயல்பான வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே சற்றுத் தாழ்ந்து, மீண்டும் சமநிலைக்கு வருகிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கூடுதலாக ஏறும் அளவைத்தான் மிகையழுத்தம் என்கிறோம். அது எவ்வளவு ஏறியது என்பதோடு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். சில கிலோ வெடிமருந்துக்கு அருகில் அந்த நேரம் சில மில்லிநொடிகள்தான். அணுகுண்டு வெடிப்பில் அது ஒரு நொடியை நெருங்கவும் கூடும். நேரத்தைச் சொல்லாமல் அழுத்தத்தை மட்டும் சொல்லும் எந்த எண்ணையும் நம்பிவிட வேண்டாம் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் பரவலாகக் காணப்படும் குழப்பத்துக்கு அதுவே வேர்.

வெடிப்பினால் வரும் காயங்களை நான்காகப் பிரிப்பது வழக்கம். அழுத்த அலை நேரடியாக உடலுக்குள் செய்யும் சேதம் முதல் வகை. சிதறும் கல்லும் உலோகத் துண்டும் பாய்வதால் வருவது இரண்டாம் வகை. அலைக்குப் பின்னால் வரும் காற்றோட்டம் உடலையே தூக்கி எறிவதால் வருவது மூன்றாம் வகை. தீக்காயம், புகை, இடிபாடு முதலிய மற்றவை நான்காம் வகை. உங்கள் கேள்வி முதல் வகையைப் பற்றியது.

அந்த முதல் வகையை விலங்குகளில் முறையாகச் சோதித்த பழைய ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்க உடலியலாளர் டி. ஆர். ஹூக்கர் 1924இல் வெளியிட்டது. பெரிய பீரங்கிகளின் வாய்க்கருகே நாய், பூனை, முயல், தவளை போன்றவற்றை வைத்து, பீரங்கிக் காற்று அவற்றின் ரத்த ஓட்டத்தையும் மூச்சையும் எப்படிக் குலைக்கிறது என்று அவர் பார்த்தார். முதல் உலகப் போரில் வெளிக்காயமின்றி நிலைகுலைந்த வீரர்களைப் பற்றிய விவாதம் அப்போது ஓயவில்லை என்பதை நினைவில் கொண்டால், அந்த ஆய்வுக்கான அவசரம் புரியும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் நகரங்கள்மேல் குண்டு விழத் தொடங்கியபோது கேள்வி மறுபடியும் எழுந்தது. இறந்தவர்களின் உடலில் வெளியே ஒன்றுமில்லை. திறந்து பார்த்தால் நுரையீரல் முழுக்க ரத்தக் கசிவு. இது எப்படி நேர்கிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் போட்டியிட்டன. அழுத்தம் மூக்கு, வாய் வழியாக உள்ளே பாய்ந்து நுரையீரலை ஊதி வெடிக்கச் செய்கிறது என்றனர் ஒரு சாரார். அலையின் பின்பாதியில் வரும் தாழ்வழுத்தம் நுரையீரலை உறிஞ்சிக் கிழிக்கிறது என்றனர் வேறு சிலர். மூன்றாவது விளக்கம், மார்புச்சுவரின்மேல் வெளியிலிருந்து அடி விழுகிறது, அந்த அடிதான் உள்ளே போகிறது என்பது.

இதைத் தீர்த்து வைத்தவர் சோலி சக்கர்மன். தென்னாப்பிரிக்காவில் பிறந்த உடற்கூறியலாளர். போருக்கு முன் குரங்குகளின் சமூக வாழ்வைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். துண்டு சிதறினால் சோதனை கெட்டுவிடும் என்பதால் மெல்லிய உறையில் வைத்த வெடிமருந்தையும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நிரப்பிய பலூன்களையும் வெடிக்கச் செய்து, எலி, முயல், பூனை, குரங்கு, புறா ஆகியவற்றை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துப் பார்த்தார். 1940இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவருடைய கட்டுரையின் மிக அழகான பகுதி, அதன் எளிமையான ஒரு தடுப்பு ஏற்பாடு. முயல்களின் மார்பைச் சுற்றி நுரைரப்பர் உறை போட்டார். மூக்கும் வாயும் திறந்தே இருந்தன. அழுத்தம் மூக்கு வழியாக உள்ளே போவதுதான் காரணம் என்றால் உறை எந்த வேறுபாட்டையும் தரக் கூடாது. ஆனால் உறை போட்ட முயல்களின் நுரையீரல் பெருமளவு தப்பியது. மேலும், பக்கவாட்டில் நின்ற விலங்குகளில் வெடியை நோக்கியிருந்த பக்கத்து நுரையீரலே கூடுதலாகச் சேதமடைந்திருந்தது. ஆகவே அடி வெளியிலிருந்து மார்புச்சுவர் வழியாகவே செல்கிறது என்பது நிலைபெற்றது. இன்றுவரை அந்த முடிவை யாரும் புரட்டவில்லை.

அடி மார்பில் விழுகிறது என்றால், மார்புக்கூட்டின் எலும்பும் தசையும் தப்பி, உள்ளேயிருக்கும் நுரையீரல் மட்டும் ஏன் கிழிகிறது? காரணம் நுரையீரலின் கட்டமைப்பு. அது கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளும் அவற்றைச் சுற்றிய மிக மெல்லிய ரத்தத் தந்துகிகளும் சேர்ந்த நுரை போன்ற ஒரு பொருள். ஒலி நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்திலும் காற்றில் 340 மீட்டர் வேகத்திலும் செல்கிறது. இரண்டும் கலந்த நுரையீரல் திசுவிலோ அது வெறும் சில பத்து மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. காற்றின் நெகிழ்வும் திசுவின் எடையும் சேர்ந்து அலையை அவ்வளவு மந்தமாக்கிவிடுகின்றன. இப்போது வெடிப்பலை மார்புச்சுவரை நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் உள்நோக்கித் தள்ளினால், நுரையீரலின் அளவுகோலில் அது மிகக் கடுமையான வேகம். அதனால் உள்ளே ஒரு புதிய அழுத்த அலை கிளம்பி, காற்றும் திசுவும் சந்திக்கும் ஒவ்வொரு எல்லையிலும் திசுவைப் பிய்க்கிறது. விலா எலும்புகளின் தடம் நுரையீரலின் மேற்பரப்பில் வரிவரியான ரத்தத் திட்டுகளாகப் பதிந்திருப்பதை உடற்கூறாய்வில் காணலாம். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நுண்ணறைகளுக்குள் ரத்தம் புகுகிறது, மூச்சுக்குழாயில் ரத்தம் கலந்த நுரை சேர்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் நீர் கோத்து நுரையீரல் கனக்கிறது.

நுரைரப்பர் முயல்களைக் காத்தது என்பதைக் கேட்டவுடன், படைவீரர்களின் குண்டு துளைக்காத துணிக்கவசமும் காக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று செம்மறி ஆடுகளுக்கு அத்தகைய கவசத்தை மாட்டி வெடிப்பலைக்கு உட்படுத்தியது. கவசம் போட்ட ஆடுகளின் நுரையீரல், போடாதவற்றைவிட மோசமாகச் சேதமடைந்திருந்தது! காற்றுக்கும் உடலுக்கும் அடர்த்தியில் பெரிய இடைவெளி இருப்பதால் அலையின் ஆற்றலில் பெரும்பகுதி தோலில் பட்டுத் திரும்பிவிடும். நெகிழ்வான ஓர் இடைப்பொருள் அந்த இடைவெளியைப் படிக்கட்டுபோல் நிரப்பி, ஆற்றல் உள்ளே இறங்க வழி செய்துவிடுகிறது. பின்னர் பிரிட்டனில் நடந்த சோதனைகளில், கடினமான வெளித்தகடும் அதன்பின் மென்மையான நுரையும் சேர்ந்த இரட்டை அடுக்கே உண்மையில் காக்கிறது என்று கண்டனர். சக்கர்மனின் முயல் உறைக்கும் இந்த ஆட்டுக் கவசத்துக்கும் இடையே முரண்பாடு ஏதும் இல்லை. தடிமனும் கடினமும் அலையின் வடிவமும் மாறும்போது ஒரே வகைப் பொருள் கேடயமாகவும் ஆகலாம், கெடுதலாகவும் ஆகலாம். பொதுப்புத்தி இந்தத் துறையில் அடிக்கடி சறுக்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நுரையீரல் கிழிந்ததும் விலங்கு எப்படி இறக்கிறது என்பது தனிக் கதை. கடும் வெடிப்பலைக்கு உட்பட்ட விலங்கிடம் முதலில் தெரிவது ரத்தப்போக்கின் அறிகுறி இல்லை. மூச்சு சில நொடிகள் நின்றுபோகிறது, இதயத் துடிப்பு மிக மெதுவாகிறது, ரத்த அழுத்தம் விழுகிறது. இம்மூன்றையும் சக்கர்மனும் பீட்டர் க்ரோனும் டேவிட் விட்டரிட்ஜும் 1942இலேயே பதிவு செய்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் எலிகளில் செய்த சோதனைகளில், நுரையீரலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் வேகஸ் நரம்பை முன்கூட்டியே துண்டித்துவிட்டால் மூச்சும் இதயமும் அவ்வாறு தடைப்படுவதில்லை என்று தெரிந்தது. அதாவது இது நரம்பு வழியே நிகழும் ஓர் அனிச்சைச் செயல். இங்கே ஓர் இந்தியப் பெயரைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. இந்த அனிச்சைக்குப் பொறுப்பானவையாக இன்று கருதப்படுபவை, நுரையீரல் தந்துகிகளுக்கு அருகே இருக்கும் ஜே உணர்விகள். அவற்றைக் கண்டுபிடித்தவர் இந்திய உடலியலாளர் ஏ. எஸ். பெயின்டல். அவர் எடின்பரோவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தது இதே விட்டரிட்ஜிடம்தான்.

அந்த முதல் நிமிடங்களைத் தாண்டினாலும் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. கிழிந்த நுண்ணறைகளிலிருந்து காற்று நுரையீரல் சிரைகளுக்குள் புகுந்து, இதயத்தின் இடப்பக்கம் வழியாகத் தமனிகளுக்குச் சென்று, இதயத் தசைக்கோ மூளைக்கோ செல்லும் ரத்தத்தை அடைத்துவிடலாம். வெடிப்பலையால் உடனடியாகச் செத்த விலங்குகள் பலவற்றில் இதயத் தமனிகளில் காற்றுக் குமிழிகளைக் கண்டிருக்கின்றனர். வெடிப்பலையில் சாகும் விலங்குகளில் பெரும்பாலானவை முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சாகின்றன என்பதற்கு இந்த அனிச்சையும் இந்தக் குமிழிகளும் முக்கியக் காரணங்கள்.

மற்ற உறுப்புகளில், காற்று எங்கே இருக்கிறதோ அங்கே சேதம் என்பதுதான் விதி. செவிப்பறை மிகக் குறைந்த அழுத்தத்திலேயே கிழியும். தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சவ்வில் புள்ளிபுள்ளியாக ரத்தக் கசிவு ஏற்படும். குடலில் வாயு தேங்கிய பகுதிகளில் சுவருக்குள் ரத்தம் கட்டும், சில வேளை துளைபடும். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றில் காற்று இல்லாததால் அவை காற்றில் வரும் அலைக்குப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. மூளையைப் பற்றிய ஆய்வு ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பின் பெருகியது. எலிகளிலும் சுண்டெலிகளிலும் வெடிப்பலைக்குப் பின் நரம்பிழைகள் சிதைவதையும் நினைவாற்றல் குறைவதையும் காட்டியிருக்கின்றனர். ஆனால் எலியின் மண்டையோடு தாள் போல மெல்லியது, அதன் மூளை மடிப்பற்றது, தலையோ மிகச் சிறியது. அங்கிருந்து மனிதனுக்கோ மாட்டுக்கோ நேராகக் கணக்குப் போடுவதை நான் ஏற்பதில்லை.

எவ்வளவு அழுத்தம் கொல்லும் என்ற எண்களுக்கு வருவோம். இதற்கான பெரும் தரவு அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி நகரிலிருந்த லவ்லேஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. கிளேட்டன் வைட், டொனால்டு ரிச்மண்ட், ஜெரால்டு போவன் ஆகியோர் 1950களிலும் 60களிலும் அங்கே பணியாற்றினர். பின்னணியில் இருந்தது அணுகுண்டு அச்சம். நிதியும் அங்கிருந்துதான் வந்தது. 1946இல் பிகினி பவளத்தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் கப்பல்களில் ஆடு, பன்றி, எலிகளைக் கட்டி வைத்ததும், 1950களில் நெவாடா பாலைவனத்தில் நடந்ததும் இதே வரலாற்றின் பகுதிகள். ஆனால் அங்கே கதிர்வீச்சும் வெப்பமும் சேர்ந்துகொண்டதால் அழுத்தத்தின் விளைவை மட்டும் பிரித்தெடுப்பது கடினமாக இருந்தது. ஆல்புகர்க்கியில் அதிர்வுக்குழாய் என்னும் நீண்ட உலோகக் குழாய்களில், அழுத்தத்தின் உச்சத்தையும் நேரத்தையும் தனித்தனியே மாற்றி, சுண்டெலி முதல் காளை வரை 13 பாலூட்டி இனங்களில் 2,000க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சோதித்தனர். 1968இல் போவனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் அவற்றைத் தொகுத்து வரைந்த வளைகோடுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

அதில் இரண்டு முடிவுகள் தெளிவாகத் தெரிந்தன. முதலாவது, சிறிய விலங்குகள் பெரியவற்றைவிட எளிதில் சாகின்றன. நீண்ட நேர அலையில், சுண்டெலி, எலி, கினி எலி, முயல் ஆகியவற்றில் பாதியைக் கொல்ல ஏறத்தாழ 200 முதல் 250 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) மிகையழுத்தம் போதும். நாய், ஆடு போன்றவற்றுக்கு 330க்கு மேல் வேண்டும். இரண்டாவது, நேரம் குறைந்தால் தாங்கும் அழுத்தம் கூடுகிறது, அந்த நேரத்தை உடல் எடையின் கனமூலத்தைக் கொண்டு அளக்க வேண்டும். இதை ஒரு கணக்கால் விளக்கலாம். 20 கிராம் சுண்டெலிக்கும் 70 கிலோ மனிதனுக்கும் எடையில் 3,500 மடங்கு வேறுபாடு. அதன் கனமூலம் ஏறத்தாழ 15. எனவே சுண்டெலியின்மேல் 2 மில்லிநொடி நீடிக்கும் அலை, மனிதனின்மேல் 30 மில்லிநொடி நீடிக்கும் அலைக்கு நிகர். சிறிய வெடியைச் சுண்டெலிமேல் சோதித்துவிட்டு அதையே மனிதனுக்கும் பொருத்துகிறவர்கள், தம்மை அறியாமலேயே ஒரு பெரிய குண்டைச் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

70 கிலோ எடையுள்ள உடலுக்கு அவர்கள் மதிப்பிட்ட எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்; நாட்டு ஆட்டின் எடை குறைவு என்றாலும் அது பெரிய விலங்குகளின் கூட்டத்தில்தான் சேரும். செவிப்பறை கிழியத் தொடங்குவது சுமார் 35 கிலோபாஸ்கலில். நுரையீரல் சேதம் தொடங்குவது நீண்ட அலையில் 70 முதல் 80 கிலோபாஸ்கலில்; 3 மில்லிநொடி அலையில் 200க்கு மேல். அத்தகைய குறுகிய அலையில் பாதிப்பேர் இறக்க 900க்கு மேல் தேவை. மூன்று மில்லிநொடிக்கும் சில நூறு மில்லிநொடிக்கும் இடையே ஒரே உடலின் தாங்குதிறன் இவ்வளவு மாறுகிறது.

சுற்றுப்புறமும் கணக்கை மாற்றும். 350 கிலோபாஸ்கல் அலை ஒரு கெட்டிச் சுவரில் நேராக மோதித் திரும்பும்போது சுவரோரத்தில் அழுத்தம் ஏறத்தாழ 1,400 ஆகிறது, அதாவது நான்கு மடங்கு. திறந்த வெளியில் பிழைத்திருக்கும் விலங்கு சுவரோரம் நின்றதால் சாகலாம். எதிர்மாறாக, அழுத்தம் ஒரேயடியாகத் தாவாமல் மெதுவாக ஏறினால் அதே விலங்கு அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அழுத்தத்தையும் தாங்கிவிடுகிறது. ஆல்புகர்க்கியில் நாய்களில் இதைக் காட்டினர்.

உங்கள் குவாரிக்கு இந்த எண்கள் எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம். குவாரியில் வெடிமருந்து பாறையில் துளையிட்டு, மேலே மண் அடைத்து வெடிக்கப்படுவதால் அதன் ஆற்றலின் பெரும்பகுதி பாறையை உடைப்பதில் செலவாகிறது. வெளியே வரும் காற்றழுத்தத்தை டெசிபலில் குறிப்பது வழக்கம். கட்டடங்களைக் காக்க அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வாளர்கள் பரிந்துரைத்த உச்சவரம்பு 134 டெசிபல். அதன் பொருள் 100 பாஸ்கல், அதாவது கிலோபாஸ்கலில் பத்தில் ஒரு பங்கு. செவிப்பறை கிழியத் தேவையான அழுத்தம் இதைப் போல் 350 மடங்கு, நுரையீரல் சேதத்துக்கு வேண்டியது 700 மடங்கு. குவாரிக்காரர் அடைப்பு மண்ணைச் சரியாகப் போடாமல் அந்த வரம்பைப் பத்து மடங்கு மீறினாலும்கூட, அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆட்டின் நுரையீரலைத் தொட முடியாது. சன்னல் கண்ணாடிகள் அதற்கு வெகு முன்பே உடைந்து ஊர் திரண்டிருக்கும். தொலைவைப் பாதியாக்கினால் ஆபத்து எவ்வளவு கூடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விதி: அதே அழுத்தத்தை இரண்டு மடங்கு தொலைவில் உண்டாக்க எட்டு மடங்கு வெடிமருந்து வேண்டும். உண்மையில் அந்தத் தொலைவில் நீங்கள் அஞ்ச வேண்டியது பறந்து வரும் கல்லுக்கு; சரியாக அடைக்காத வெடியில் அது நூற்றுக்கணக்கான மீட்டர் பாயும்.

ஆனால் நுரையீரலுக்குக் கேடில்லை என்பதால் ஆடுகளுக்கே கேடில்லை என்று குவாரிக்காரர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. அழுத்தம் செய்யாததை அச்சம் செய்யும். 2010 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பீபி என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கரும்பறவைகள் வானிலிருந்து விழுந்து செத்தன. வாணவெடிக்கு மிரண்டு இருட்டில் கிளம்பிய பறவைகள் வீடுகளிலும் கம்பங்களிலும் மோதிச் செத்தன என்பதே ஆய்வில் கண்டது. உடலில் இருந்தவை மோதல் காயங்கள், வெடிப்பலைக் காயங்கள் இல்லை. நெதர்லாந்தில் வானிலை ராடார் கொண்டு பார்த்தபோது, புத்தாண்டு நள்ளிரவு வெடிக்குப் பின் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் ஐந்நூறு மீட்டர் உயரம் வரை எழும்பி முக்கால் மணி நேரம் அலைவது தெரிந்தது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பதற்கு ராடார் தேவைப்படவில்லை. பறவை கூட்டை விட்டுப் போய்விடும் என்று அவர்கள் கண்ணால் கண்டே அறிந்திருந்தனர்.

இதிலும் மிகைப்படுத்தல் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 1969இல் புளோரிடாவுக்கு அருகிலுள்ள டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் கரும்பழுப்பு ஆலா என்னும் கடற்பறவைகளின் முட்டைகள் ஏறக்குறைய முழுவதும் பொரிக்காமல் போயின. தாழப் பறந்த போர் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழும் ஒலியுடை அதிர்வே காரணம் என்று அடுத்த ஆண்டு எழுதினர், அது பாடநூல் எடுத்துக்காட்டாகவும் ஆயிற்று. பின்னர் கோழி முட்டைகளை அதே அளவு அழுத்தத்துக்கும் அதைவிடக் கடுமையானதற்கும் உட்படுத்தியபோது ஓடு விரிசல் விடவுமில்லை, பொரிப்பு குறையவுமில்லை. அதேபோல் விமான அதிர்வில், ரோமத்துக்காகப் பண்ணைகளில் வளர்க்கும் மிங்க் என்னும் சிறு விலங்கின் தாய் தன் குட்டிகளையே தின்றுவிடுகிறது என்று பண்ணைக்காரர்கள் அமெரிக்க விமானப் படையிடம் இழப்பீடு கேட்டு வந்தனர்; 1970இல் அலாஸ்காவில் மிட்கோஃப் தீவில் நேரடியாகச் சோதித்தபோது குட்டிகளின் எண்ணிக்கையில் பாதிப்பு எதையும் காணவில்லை. இந்த முடிவுகளை வைத்து உங்கள் ஆடுகள் குட்டி வீசியதற்கு வெடி காரணமே இல்லை என்று நான் தீர்ப்பு எழுதிவிடவில்லை. மிரண்ட மந்தை நெருக்கியடித்து ஓடும்போது சினை ஆட்டின் வயிற்றில் இடிபடுவது நடக்கக் கூடியதே. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணையாளர்களைக் கேளுங்கள். திடீர்ச் சத்தத்துக்குக் கோழிகள் ஒரு மூலையில் குவிந்து ஒன்றன்கீழ் ஒன்று மூச்சுமுட்டிச் சாவதும், தோல்முட்டை இடுவதும் அவர்களுக்குப் புதிதில்லை. அங்கே கொன்றது கூட்ட நெரிசல்.

இன்னொரு குழப்பத்தையும் விலக்கிவிடுகிறேன். காட்டுப்பன்றிக்காகப் பழத்துக்குள் வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து யானைகள் சாவது நம் காட்டோரங்களில் அவ்வப்போது செய்தியாகிறது. அது வெடிமருந்து வாய்க்குள்ளேயே வெடித்துத் தாடையையும் நாக்கையும் சிதைப்பது. பெரும்பாலும் தின்னவும் குடிக்கவும் முடியாமல், புண் புரையோடி, நாட்கணக்கில் வதைபட்டுச் சாகின்றன. காற்றில் பரவும் அலையின் உயிரியலோடு அதற்குத் தொடர்பில்லை.

அப்படியானால் மூக்கில் ரத்த நுரையோடு கிடந்த கிடா? அந்த ஓர் அடையாளம் வெடிப்பலை நுரையீரலுக்கும் பொருந்தும், வேறு பலவற்றுக்கும் பொருந்தும் என்பதுதான் சிக்கல். முதலில் விலக்க வேண்டியது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய். திடீரெனச் செத்து, மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றில் ரத்தம் கசிந்திருக்கும் எந்தக் கால்நடையையும், காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து அடைப்பான் இல்லை என்று உறுதிசெய்யும் வரை, அறுக்கவே கூடாது. தோலை உரிக்கவோ கறியைப் பங்கு போடவோ கண்டிப்பாகக் கூடாது. அறுத்தால் கிருமியின் வித்துகள் மண்ணில் பல்லாண்டு தங்கிவிடும். அடுத்து நினைக்க வேண்டியது துள்ளுமாரி நோய்: நன்றாகத் தின்று கொழுத்த ஆடு முந்திய மாலை வரை துள்ளிவிட்டு விடியற்காலையில் செத்துக் கிடக்கும். குட்டி வீச்சுக்குப் புருசெல்லா முதலாகப் பல தொற்றுகள் உண்டு, அவற்றில் சில ஆளுக்கும் பரவும் என்பதால் வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம்.

அடைப்பான் இல்லை என்று தெரிந்தபின் கால்நடை மருத்துவரிடம் உடற்கூறாய்வு கேளுங்கள். விலா எலும்புத் தடங்களோடு வரிவரியான ரத்தத் திட்டுகள் நுரையீரலில் உள்ளனவா, மூச்சுக்குழாயின் உட்சவ்வில் புள்ளிக் கசிவு உள்ளதா, குடலில் வாயு நிறைந்த பகுதியில் ரத்தம் கட்டியிருக்கிறதா, இரண்டு செவிப்பறைகளும் முழுமையாக உள்ளனவா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். காதைச் சொல்லிக் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நுரையீரல் சேதத்துக்கு மிகவும் முன்பே செவிப்பறை கிழிவதால் அது ஒரு நல்ல சான்று. ஆனால் தலை திரும்பியிருந்த திசையைப் பொறுத்து அது தப்பவும் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

குவாரி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. வெடி வைக்கும் நாளில் காற்றழுத்தக் கருவியை உங்கள் கொட்டகை வாசலிலேயே வைத்து, அளவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வெடிக்கும் நேரம் நாள்தோறும் ஒன்றாக இருக்கும்படியும், முன்கூட்டியே சங்கு ஊதும்படியும் கேளுங்கள். அந்த நேரத்தில் ஆடுகள் கொட்டகைக்குள் தழை தின்றுகொண்டிருக்கட்டும், சினை ஆடுகள் தனிப் பட்டியில் இருக்கட்டும்.